தோளில் சங்கு சக்கரம், வாயில் 'எந்தத் தெரு?'

கேள்வி: எனக்கு 57 வயது. ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் ஒரு பெண் தன் அம்மாவுடன் வீடு பார்க்க வந்தாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அடக்கமான பேச்சு. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காபி கொடுத்தேன். அட்வான்ஸ் வரை பேசியாயிற்று. பேச்சோடு பேச்சாக 'சொந்த ஊர் எது?' என்றேன். லால்குடி பக்கம் என்றாள். 'அங்கே எந்தத் தெரு?' என்றேன். தயங்காமல் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் என் வாய் தானாகவே, 'அவரைக் கேட்டுட்டு போன் பண்றேம்மா' என்றது. அவரைக் கேட்க ஒன்றுமே இல்லை, வீட்டு விஷயமெல்லாம் நான்தான். அந்தப் பெண் 'பரவாயில்லை ஆன்ட்டி' என்று சிரித்தாள். தானும் அம்மாவும் குடித்த டம்ளர்களை எடுத்துப் போய்க் கொல்லைக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை.

நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மறுநாள் பிரபந்த வகுப்பில் திருப்பாணாழ்வார் பாடிய அமலனாதிபிரான் சேவித்தோம். பாதியில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. 22 வயதில் தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொண்டு சமாச்ரயணம் என்கிற வைணவ தீட்சை ஆயிற்று. இதுதான் உனக்கு மறுபிறவி என்றார்கள். அது எங்கே போயிற்று? இவ்வளவு வருஷம் சேவித்ததெல்லாம் வேஷமா? இந்த வயதில் இன்னொரு தடவை பிறக்க முடியுமா? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா? என் கணவர், 'வேற ஆள் வருவாங்க, இதைப் போட்டுக் குழப்பிக்காதே' என்கிறார்.
- பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: அம்மா, அந்த டம்ளர்களைப் பற்றி நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதிவிட்டீர்கள். அதனால் நானும் மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெண்ணைப் பார்ப்போம். அவள் சண்டை போடவில்லை. 'ஏன் ஆன்ட்டி?' என்றுகூடக் கேட்கவில்லை. 'கேட்டுட்டு போன் பண்றேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பு எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினாளோ. டம்ளரைக் கழுவி வைத்தது வளர்ப்பின் மரியாதையாக இருக்கலாம். தான் போனபின் நீங்கள் அதைத் தனியாக எடுத்துக் கழுவுவீர்கள் என்று ஊகித்து, அந்தச் சிரமத்தை உங்களுக்கு வைக்காமல் போனதாகவும் இருக்கலாம். சமையலறைத் தொட்டிக்குப் போகாமல் கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள், கவனித்தீர்களா? யாரும் வழி காட்டவில்லை. உங்கள் மனசு உங்களுக்குப் புரிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்திருக்கிறது.

'சாதி பார்க்கிறவள் இல்லை' என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். உங்களிடம் கொள்கை கேட்டால் நல்ல கொள்கைதான் சொல்வீர்கள். சாதி நம்மிடம் கொள்கையாகத் தங்குவது குறைவு, கேள்விகளின் வரிசையில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. சொந்த ஊர், தெரு, அப்பா பெயர், குலதெய்வம், 'சமையல் எப்படி?' தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண விசாரிப்பு. அந்த வரிசையில் கேட்டால் மூன்றாவது கேள்விக்குள் வேண்டிய பதில் கிடைத்துவிடும். உங்கள் சாதியை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. இந்த வரிசை தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சாதியின் சொத்து இல்லை. வாடகைக்கு விடுகிற பலருக்கும் இது மனப்பாடம்.

அமெரிக்க உளவியலாளர் பட்ரீஷியா டிவைன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கறுப்பின மக்களைப் பற்றிச் சமூகம் சொல்லிவைத்த எண்ணங்கள், அவற்றை நம்புகிற வெள்ளையருக்கும் நம்பாத வெள்ளையருக்கும் ஒரே மாதிரி தானாகக் கிளம்புகின்றன என்றார். நம்பாதவர், நிதானிக்க அவகாசம் கிடைத்தால், அதைப் பிடித்து நிறுத்துகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே இதையும் ஒரு கெட்ட பழக்கத்தை விடுவதுபோலத்தான் விட வேண்டும் என்பது அவர் கருத்து. மூக்குப்பொடியை விட்டு வருஷக்கணக்கான பெரியவர்களின் கை, பேசிக்கொண்டிருக்கும்போதே மடியைத் தடவும், பார்த்திருப்பீர்கள். உங்கள் வாய் 'எந்தத் தெரு?' என்று கேட்டது அப்படித்தான். அதனால் வேஷமா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. உங்கள் பக்தி நிஜம். ஆனால் அது பூஜை அறையிலும் வகுப்பிலும் வேலை செய்தது, திண்ணைக்கு வரவில்லை.

சரி, திருப்பாணாழ்வாருக்கு வருவோம். கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்தவர். கோயில் இருந்த தீவுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதால் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பார்த்து யாழோடு பாடுகிறார். திருமஞ்சனத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லிக் கூப்பிடுகிறார். பாட்டில் கரைந்திருந்த பாணருக்குக் காதில் விழவில்லை. முனிவர் கல்லை எடுத்து எறிகிறார். பாணர் நெற்றியில் ரத்தம். உள்ளே பெருமாளின் நெற்றியிலும் ரத்தம்.

உபன்யாசங்களில் இது எப்போதும் பாணரின் பெருமையாகத்தான் சொல்லப்படுகிறது. நீங்கள் இனி லோகசாரங்கரின் கதையாக ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. கல் எறிந்த நேரத்தில் அவர் செய்துகொண்டிருந்தது பெருமாள் கைங்கரியம். சுத்தம் கெடக் கூடாதே என்ற பதைப்பில் வந்தது அந்தக் கல். நம்முடைய பாரபட்சமும் அநேகமாக இப்படி நல்ல காரியத்துக்கு நடுவில்தான் வருகிறது. காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது வருகிறது.

அப்புறம் பெருமாள் அவருக்குக் கனவில் என்ன சொன்னார்? அழு என்று சொல்லவில்லை. பரிகாரம் செய், கூட நாலு குடம் தண்ணீர் எடு என்றும் சொல்லவில்லை. அந்தப் பாணரைத் தோளில் தூக்கிக்கொண்டு வா என்றார். முதல் நாள் கிட்டே வரக் கூடாது என்று கல்லெறிந்த அதே உடம்பின் மேல் அவர் உட்கார வேண்டும், ஊர் பார்க்க. அந்த நடையில்தான் முனிவர் மறுபடி பிறந்தார் என்று நான் நினைக்கிறேன். ஆகையால், அம்மா, வகுப்பில் உங்களுக்குக் குரல் அடைத்ததை மறுபிறவி என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் 'என்ன பக்தி!' என்றுகூட நினைத்திருப்பார்கள். அழுகை நமக்குச் சுகமாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கு அதனால் வீடு கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பக்தர்கள் சிலருக்குக் கசக்கும். பாணர் உள்ளே வந்தார், அரங்கனைத் திருவடியிலிருந்து திருக்கண் வரை பத்துப் பாசுரங்களில் பாடினார், அப்படியே பெருமாளோடு கலந்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் எந்தத் தெருவில் தங்குவார், யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பார் என்ற கேள்வி எழவே இல்லை. ஊருக்கு எவ்வளவு வசதி! நாம் நூற்றாண்டுகளாக இந்தக் கதையில் உருகிவிட்டு, டு-லெட் போர்டு மாட்டும்போது தெரு கேட்க முடிவது இதனால்தான். உங்களிடம் வந்த பெண் ஆழ்வார் இல்லை, ஆகவும் வேண்டாம். மாசம் பிறந்தால் வாடகை கொடுக்கிற, நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிற ஒருத்தி. மாடிப் போர்ஷனுக்கு அந்தத் தகுதி போதும்.

இராமானுசர் வீட்டுக் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிராமணர் அல்லாத பக்தர் திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போகிறார். மனைவி தஞ்சமாம்பாள் குறையில்லாமல்தான் பரிமாறினாள், ஒரு சுடுசொல் கிடையாது. அவர் போன பிறகு இடத்தைக் கழுவி மெழுகி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தாள். கதை சொல்கிறவர்கள் அந்த அம்மாளை மட்டும் கெட்டவளாக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவள் கற்றுக்கொடுத்ததைச் செய்தாள். அதே இராமானுசர் பிற்பாடு உங்கள் ஊரில் காவிரிக்குக் குளிக்கப் போகும்போது பிராமண சீடரான முதலியாண்டான் மேல் கைவைத்து நடந்தார், குளித்துத் திரும்பும்போது மல்லரான உறங்காவில்லி தாசர் மேல் கைபோட்டு வந்தார். குளித்த பிறகு யாரைத் தொடக் கூடாது என்று ஊர் சொன்னதோ, அவரை. அதையும் ஒருநாள் கூத்தாக அல்ல, வழக்கமாகவே வைத்துக்கொண்டார். உடம்பில் ஏறியதை உடம்பால்தான் இறக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். போர்ஷன் இன்னும் காலியாக இருந்தால் அந்தப் பெண்ணை இன்றே கூப்பிடுங்கள். 'வீடு காலியாத்தான் இருக்கும்மா. அன்னிக்கு நான் தெரு கேட்டது தப்பு. உனக்கு இன்னும் வேணும்னா அதே வாடகை, அதே அட்வான்ஸ்.' இவ்வளவு போதும். ஆழ்வார் கதை சொல்லாதீர்கள். போனில் அழாதீர்கள், அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டிவரும். 'வேற வீடு பாத்துட்டோம் ஆன்ட்டி' என்றாலோ, 'வேண்டாம்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாலோ, 'சரிம்மா' என்று வைத்துவிடுங்கள். மன்னிப்பது அவள் இஷ்டம். ஏற்கெனவே வேறு யாருக்காவது விட்டாயிற்று என்றால், உங்கள் பாரத்தை இறக்குவதற்காக மட்டும் அவளைக் கூப்பிட வேண்டாம்.

அவள் குடிவந்தால் அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மாடியில் என்ன கொதிக்கிறது என்று மூக்கு தேடும். அவள் அம்மா உங்கள் நாற்காலியில் உட்காரும்போது உள்ளே ஏதோ ஒன்று நிமிரும். அப்படி நிமிர்வதைப் பார்த்துவிட்டாலே போதும், பதறாதீர்கள், அதற்குக் கீழ்ப்படியாதீர்கள். காபியை நீங்கள் குடிக்கிற அதே டம்ளர் வரிசையிலிருந்து எடுங்கள், திரும்ப அதே வரிசையில் வையுங்கள். அசைவம் சமைக்கக் கூடாது என்பது நிஜமாகவே உங்கள் நிபந்தனை என்றால், அதைப் போர்டிலேயே எழுதி எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள். கூடவே, சொந்தத்தில் ஒரு பையன் வந்து முட்டை பொரித்தால் இதே கண்டிப்பைக் காட்டுவீர்களா என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சாதிக்குச் 'சைவம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

அடுத்து யார் வந்தாலும், என்னென்ன கேட்பது என்று கதவைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்: வேலை, எத்தனை பேர், எவ்வளவு நாள், ஆதார் நகல். தெருவும் அப்பா பெயரும் வேண்டாம். அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வரும். வந்த இடத்திலேயே விழுங்குங்கள். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், ஒரு வைணவனின் பிறப்பைத் துருவுவது பெற்ற தாயைச் சோதிப்பதற்குச் சமம் என்று எழுதிவைத்தார். வைணவனோ இல்லையோ, வாசலில் நிற்கிற யாருக்கும் அது பொருந்தட்டும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, வேறு ஆள் வருவார்கள். அந்த வேறு ஆளை யார் பொறுக்கி அனுப்புகிறார் என்பதை மட்டும் அவரிடம் கேளுங்கள். உறவில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போன வைத்தியநாத ஐயரைச் சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள். உங்களுக்கு மிஞ்சிப்போனால் பிரபந்த வகுப்பில் ஒரு முணுமுணுப்பு வரும்.

வீட்டுப் புரோக்கர் இருக்கிறாரே, அவரை மறந்துவிடாதீர்கள். நீங்கள் வாய் திறக்காமலே, 'எந்த ஆளுங்க?' என்று போனிலேயே கேட்டு வடிகட்டித்தான் அவர் உங்களிடம் அனுப்புகிறார். இந்த நர்ஸ் எப்படியோ அந்தச் சல்லடையைத் தாண்டி வந்திருக்கிறாள். 'இனிமேல் அதைக் கேட்காமல் அனுப்புங்கள்' என்று அவரிடம் சொல்லுங்கள். 'அம்மா, அப்புறம் நீங்களே திட்டுவீங்க' என்று சிரிப்பார். திரும்பவும் சொல்லுங்கள்.