விழத் தெரிந்தவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். போன மாதம் ரெஸ்லிங் வீரர் பிரெட் ஹார்ட் பற்றி எழுதியிருந்தீர்கள். ரிங்குக்குள் அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது என்று நீங்கள் சொன்னதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நான் டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்த பையன். எங்களுக்கு அண்டர்டேக்கர், ராக், ஸ்டோன் கோல்ட் இவர்கள்தான் எல்லாம். உங்கள் பேச்சைக் கேட்டு பிரெட்டின் நாலைந்து ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். மைக்கைக் கொடுத்தால் பேசத் தெரியவில்லை. பெரிய ஆட்டங்களில் பாதி தோற்றுவிடுகிறார். இவரை எந்தக் கணக்கில் முதலிடத்தில் வைக்கிறீர்கள்?

என்னைக் கேட்டால் இதுவரை நடந்ததிலேயே சிறந்த ஆட்டம், வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவில் 2009இல் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதியது. துணிச்சலான ஆள் என்றால் கூண்டின் உச்சியிலிருந்து விழுந்த மேன்கைண்ட். கிரேட் காலியையும் நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நம் நாட்டு ஆள் ஒருவர் சாம்பியன் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இன்னொன்று. என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். நான் ரெஸ்லிங் பார்க்க உட்கார்ந்தாலே, "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுட்டுத்தானே மாமா அடிச்சுக்கிறாங்க? இதுல நல்லா ஆடுறவன், மோசமா ஆடுறவன்னு என்ன இருக்கு?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு ஒரே ஒரு ஆட்டம் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவது?

அன்புடன்,
ஆர்.

* * *

அன்புள்ள ஆர்.,

உங்கள் அக்கா மகனிடமிருந்தே தொடங்குகிறேன். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் பாதி சொன்ன மாதிரிதான்.

அவன் சொல்வது சரி. முடிவு முன்பே பேசி வைத்ததுதான். அப்படியென்றால் ஜெயித்தவரை ஜெயித்ததற்காகப் பாராட்ட ஒன்றுமில்லை. ஜெயிக்கச் சொன்னார்கள், ஜெயித்தார். தோற்றவரைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. அப்புறம் என்ன மிச்சம்? எல்லாம் தெரிந்திருந்தும் நான் ஏன் நாற்காலி நுனிக்கு வந்தேன், அந்த அடி விழுந்தபோது என் முகம் ஏன் சுருங்கியது என்பதுதான். அதைச் செய்தவர் யார்? நிறையப் பேர் அடித்தவர் என்று நினைக்கிறார்கள். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, அதைப் பெரும்பாலும் செய்வது அடி வாங்கியவர்தான் என்று.

ரெஸ்லிங் வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடியிருப்பீர்கள். உயரம், எடை, மார்பளவு, மோதிய சண்டை, ஜெயித்த சண்டை, ரேங்க். அந்தச் சீட்டுக்கட்டு நமக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது. விழுவதற்கு அதில் ஒரு கட்டமே கிடையாது. உங்கள் கடிதத்தில் "பாதி தோற்றுவிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்தச் சீட்டின் கணக்கு.

அந்த மேடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். மெத்தை மாதிரி தெரியும், ஆனால் மெத்தை கிடையாது. அடியில் இரும்புச் சட்டங்கள். அதன்மேல் மரப்பலகை. பலகைக்கு மேல் மெல்லிதாக ஒரு ஃபோம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ். அவ்வளவுதான். பயிற்சிக்குச் சேருகிறவருக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதில் எப்படி விழுவது என்பதைத்தான். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை பலகையில் மோதும். முதுகு மொத்தமும் ஒரே சமயத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்துத் தரையை அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். இதை பம்ப் என்பார்கள். விழுந்த பிறகு அந்த வலியை உடம்பில் காட்டுவது செல்லிங். முட்டியில் அடிபட்டதாகக் காட்டிவிட்டால், பத்து நிமிடம் கழித்து ஜெயிக்கிற கட்டத்தில் ஓடும்போதும் அந்தக் கால் இழுக்க வேண்டும். நிறையப் பேர் அதை மறந்துவிடுவார்கள். பிரெட் ஹார்ட் மறக்க மாட்டார்.

அவர் மூலைக்கம்பத்தில் போய் மோதுவதை மட்டும் திரும்ப ஒருமுறை பாருங்கள். மற்றவர்கள் கடைசி நொடியில் திரும்பி முதுகைக் கொடுப்பார்கள். இவர் ஓடிய வேகத்தைக் குறைக்காமல் நெஞ்சைக் கொண்டுபோய் மோதுவார். அப்படியே விறைத்துப் பின்னால் சாய்வார். எதிரில் இருப்பவர் சாதாரண ஆளாக இருந்தாலும் அந்த ஒரு மோதலில் அவர் பெரிய பலசாலியாகிவிடுவார். பிரெட் வளர்ந்தது கனடாவின் கால்கரியில். அவர் அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டின் நிலவறையையே பயிற்சிக்கூடமாக வைத்திருந்தவர். டன்ஜன் என்று அதற்குப் பெயர். தன்னோடு மோதிய யாரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் பிரெட் இன்றும் தன் பெருமையாகச் சொல்வார்.

நீங்கள் பார்த்த தோல்விகளில் 1992 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் நடந்தது இருந்ததா? ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். எண்பதாயிரம் பேர் என்று அறிவித்தார்கள். எதிராளி பிரிட்டிஷ் புல்டாக், அதாவது டேவி பாய் ஸ்மித். இங்கிலாந்துக்காரர். பிரெட்டின் தங்கை டயானாவின் கணவர். கூட்டம் முழுக்க மச்சான் பக்கம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே டேவி பாய்க்குப் பேசி வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. இதைப் பிற்காலத்தில் பிரெட்டே சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து நிமிட ஆட்டம் அது. ஒவ்வொரு அசைவையும் பிரெட்தான் அவர் காதில் சொல்லிச் சொல்லி நடத்தியிருக்கிறார். இது தெரிந்த பிறகு நான் அதை மறுபடி பார்த்தேன். கழுத்துப் பிடி போடும்போது தலைகள் ஒட்டியிருக்கும், முடி முகத்தை மறைத்திருக்கும். அங்கேதான் பேச்சு நடந்திருக்க வேண்டும். அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பிரெட் மேலே பாய்ந்து உருட்டப் பார்க்கிறார். டேவி பாய் அப்படியே உட்கார்ந்து கால்களைப் பூட்டிவிடுகிறார். தோள்கள் தரையில் அமுங்கியிருக்க நடுவர் மூன்று எண்ணிவிட்டால் தோல்வி. ஒன்று, இரண்டு, மூன்று. வெம்ப்ளி அதிர்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் ஆளைத் தோளில் தூக்காத குறை. அத்தனையையும் நடத்திக் கொடுத்தவர் தோற்றவராக நிற்கிறார்.

நான் அவரை முதலிடத்தில் வைப்பது இந்தக் கணக்கில்தான்.

மைக் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ராக் பேசினால் அரங்கமே கூடப் பேசும். பிரெட்டுக்கு அது வராது. ஆனால் "ஸ்டோன் கோல்ட் எங்கள் ஆள்" என்கிறீர்கள் இல்லையா? அந்த ஸ்டோன் கோல்டை உங்களுக்குக் கொடுத்ததில் பிரெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1997 மார்ச் 23, ரெஸ்ல்மேனியா 13, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட். எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை ஓயாத ஆட்டம். நடுவர் கென் ஷாம்ராக். உள்ளே போகும்போது கதைப்படி பிரெட் நல்லவர், ஸ்டோன் கோல்ட் ஆஸ்டின் கெட்டவர். வெளியே வரும்போது தலைகீழ். நடுவில் என்ன நடந்தது? பிரெட் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடூரமானார். ஆஸ்டின் அடி வாங்கிக்கொண்டே இருந்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஷார்ப்ஷூட்டர், அதாவது எதிராளியைக் குப்புறப் போட்டுக் கால்களைப் பூட்டி முதுகை வளைக்கும் பிடி. ஆஸ்டின் கைகளை ஊன்றி எழும்பப் பார்க்கிறார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து பல் இடுக்குவரை இறங்கியிருக்கிறது. வாயைத் திறந்து கத்துகிறார். "போதும்" என்ற சொல் மட்டும் வரவில்லை. மயங்கிப் போனார். அதனால்தான் தோற்றார். மணி அடித்த பிறகும் பிரெட் விடாமல் அடிக்க, ஷாம்ராக் இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அப்புறம் ஆஸ்டின் யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்து தள்ளாடி நடந்து போனார். கூட்டம் அவர் பெயரைக் கத்தியது. ஜெயித்தவருக்குக் கிடைத்தது ஊளைச் சத்தம். ஆஸ்டின் அன்று தோற்ற அழகில் பெரிய ஆளானார். அவர் அப்படித் தெரிவதற்காகத் தன் நல்ல பெயரைத் தரையில் போட்டவர் பிரெட்.

இப்போது உங்கள் 2009 ஆட்டம். இதில் உங்களோடு சண்டையில்லை. ஹூஸ்டன், ஏப்ரல் 5. மைக்கேல்ஸ் வெள்ளை உடையில் மேலிருந்து இறங்கினார், அண்டர்டேக்கர் கீழேயிருந்து எழுந்து வந்தார். அரைமணி நேர ஆட்டம். அண்டர்டேக்கர் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்ந்தபோது அவரைப் பிடிக்க வேண்டியவர் சரியாகப் பிடிக்காமல் போக, அவர் கிட்டத்தட்டத் தலைகுப்புற விழுந்தார். பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அதற்கு அப்புறமும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் உங்களுக்கு எது நினைவில் நிற்கிறது? எனக்கு நிற்பது ஒரு முகம். தலைகீழாகத் தூக்கித் தலையைத் தரையில் இறக்கும் டூம்ஸ்டோனைப் போட்டு முடித்தாயிற்று, மைக்கேல்ஸ் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் அவர் இரண்டாவது எண்ணிக்கையில் தோளைத் தூக்குகிறார். அண்டர்டேக்கர் கண்கள் விரிய அப்படியே உறைந்துபோகிறார். அதுவரை இத்தனை வருடமாக எதற்கும் அசையாத முகம் அது. இதுவும் செல்லிங்தான். உடம்பில் அடி விழவில்லை, அவர் வைத்திருந்த நம்பிக்கையில் விழுந்தது. அதை அவர் காட்டியிருக்காவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு உயிரே இருந்திருக்காது.

இதே மைக்கேல்ஸ் 2005 சம்மர்ஸ்லாமில் ஹல்க் ஹோகனோடு ஆடியதையும் பாருங்கள். ஹோகன் ஒரு குத்து விட்டால் இவர் மீன் மாதிரி துள்ளுகிறார், ரிங்கின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உருள்கிறார். ரசிகர்கள் பலர் இன்றும் அதைச் சிரித்துக்கொண்டே பகிர்கிறார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்காது. விழத் தெரிந்த ஒருவர் நினைத்தால் எதிராளியை எவ்வளவு சிறியவராக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அவ்வளவு பெரிய திறமையை அப்படிச் செலவழித்தது எனக்கு இன்றும் வருத்தம்.

மேன்கைண்ட் பற்றிச் சொல்வது எனக்குக் கஷ்டம். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். பதினாறு அடிக் கூண்டின் மேலிருந்து அறிவிப்பாளர் மேசைமேல் விழுந்தார். அது திட்டமிட்டது. திரும்ப ஏறினார். அங்கே அண்டர்டேக்கர் அவரைத் தூக்கிப் போட்டபோது கூண்டின் கூரையே பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தார். அது யாரும் திட்டமிடாதது. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது, நினைவு தப்பியது, உடைந்த பல் மூக்குக்குள் போய்விட்டது. மேன்கைண்டாக ஆடிய மிக் ஃபோலி மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த இரண்டாவது விழுதலை ஆட்டமாக என்னால் பார்க்க முடியவில்லை. வலிக்காமல் வலியைக் காட்டுவதற்காகத்தான் இத்தனை பயிற்சியும். அது தவறிப்போய் ஒருவர் நிஜமாக நினைவிழந்து கிடக்கும்போது எனக்குக் கை தட்ட வரவில்லை. பிரெட்டின் ஆட்ட வாழ்க்கையும் அப்படித்தான் முடங்கியது. 1999 டிசம்பரில் கோல்ட்பெர்க் என்ற வீரர் விட்ட ஓர் உதை தலையில் பட்டு மூளை குலுங்கியது. அடுத்த வருடம் ஓய்வு. யாரையும் காயப்படுத்தாமல் ஆடியவருக்கு அப்படி நேர்ந்ததை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

காலியை ஒரே வரியில் தள்ளியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இமாச்சலத்திலிருந்து வந்து, பஞ்சாப் போலீசில் வேலை பார்த்து, 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கியவர். அவரால் சரியாக விழ முடியாது என்பது உண்மை. ஏழடி உடம்பு, வலிக்கிற முட்டி. 2012இல் பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிக்கு அறுவை சிகிச்சையே செய்ய வேண்டியிருந்தது. அவரை நல்ல ஆட்டக்காரர் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஜலந்தரில் அவர் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அங்கே பிள்ளைகள் முதலில் விழத்தானே கற்றுக்கொள்வார்கள்? உங்கள் பெருமையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அக்கா மகனுக்கு எதைக் காட்டுவது? ரெஸ்ல்மேனியா 10. 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முதல் ஆட்டமே பிரெட்டும் அவர் தம்பி ஓவனும். இருபது நிமிடம். அண்ணன் நிழலிலேயே இருந்து அலுத்துப்போன தம்பி என்பது கதை. அண்ணன் தோளில் ஏறி உருட்டப் பார்க்க, தம்பி குந்தி உட்கார்ந்து அமுக்கிவிடுகிறான். அண்ணன் தோற்றார். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைய கடைசி ஆட்டத்தையும் காட்டுங்கள். அப்போதைய சாம்பியன் யோகோசூனாவை வென்று பிரெட் சாம்பியன் ஆகிறார், நொண்டிக்கொண்டேதான். சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்குகிறார்கள். அப்போது நடைபாதையில் ஓவன் தனியாக வந்து நிற்கிறான், அண்ணனை அண்ணாந்து பார்த்தபடி. ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஊர் முழுக்க "அண்ணனை ஜெயித்துவிட்டேன்" என்று சொல்லித் திரியலாம் என்று நினைத்தவனின் முகம் அது.

பையனிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லாதீர்கள். ஓவனைக் காட்டும்போது அவன் என்ன சொல்கிறான் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்