மறு: பள்ளியில் சேர்த்ததிலிருந்து ஓயாத சளி

சகோதரி, 2020 இல் பிறந்த மகனுக்குப் பாலர் பள்ளியில் சேர்த்ததிலிருந்து சளி ஓயவில்லை, ஊரடங்கில் வீட்டிலேயே வைத்து எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. கிருமிகளைச் சந்திப்பதுதான் தள்ளிப்போனது. நியூசிலாந்தைப் பாருங்கள்: 2020 குளிர்காலத்தில் எல்லைகள் மூடிக்கிடந்தபோது ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச வைரஸ் ஏறக்குறையக் காணாமலே போனது. 2021 இல் ஆஸ்திரேலியப் பயணம் திறந்த சில மாதங்களில் குழந்தைகள் வார்டுகள் நிரம்பி வழிந்தன. வழக்கமாக இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் தொட்டுவிடும் வைரஸ் அது. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பே. பள்ளியின் முதல் ஆண்டில் இன்னும் கூடலாம். 'சக்தி தரும்' டப்பாக்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினால் அன்றிரவே கிளம்பிவிடுங்கள்.