நகையை அடகு வைக்க வேண்டாம், அவள் பம்பையே படிக்கட்டும்

திருமங்கலம் அம்மாவுக்கு,

மகளின் கட்-ஆஃபுக்கு நீங்கள் நினைத்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, நகையை வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. ஆனால் வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று சொல்லும், பெங்களூரில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் அவருக்கு ஒத்துவந்த படிப்பைப் படித்தார், நல்லது. இந்தக் கடனுக்கு வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அப்பாவின் மோட்டார் பட்டறையில் பிரித்துப்போட்ட பம்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், கணக்கில் கெட்டி. அத்தைக்கு அது பிடிக்கவில்லையாம். எனக்கு அந்த வரிதான் பதில். மெக்கானிக்கல் அல்லது கெமிக்கல் போடுங்கள். அதற்குள் நம் ஊரில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது: அழுத்தம் மீறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வுக்கு அளவு கணக்கிடுவது.

பட்டறைக்கு வரும் கிணற்றுப் பம்பில் டெலிவரி வால்வை மூடினால், தண்ணீர் உள்ளேயே சுழன்று சூடாகும். அழுத்தம் ஓர் எல்லையோடு நிற்கும். உள்ளே ஒரு தண்டு முன்னும் பின்னும் போய்த் தள்ளும் பிளஞ்சர் பம்பு அப்படியில்லை. வழி அடைத்திருந்தாலும் தள்ளிக்கொண்டே இருக்கும், குழாய் தெறிக்கும்வரை. அதனால்தான் அங்கே ரிலீஃப் வால்வு. எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

நிமிடத்துக்கு 400 லிட்டர் தண்ணீர், வால்வு திறக்க வேண்டியது 10 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று வையுங்கள். 10 சதவீதம் கூட்டி, 11 பாரில் முழு ஓட்டமும் வெளியேற வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரநிலையான ஏபிஐ 520 தரும் சூத்திரத்தில், கணக்குப்படி வர வேண்டிய ஓட்டத்தில் நிஜமாக வெளியேறும் பங்கைச் சொல்லும் வெளியேற்றக் குணகம் 0.65 என்று போட்டால் சுமார் 219 சதுர மில்லிமீட்டர் திறப்பு தேவை. வால்வு அளவுகளைத் தரும் ஏபிஐ 526 பட்டியலில் எஃப் என்ற அளவு 198, போதாது. அடுத்த ஜி 325, அதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பெரிதாக ஹெச் போட்டால் வால்வு படபடவென்று திறந்து மூடி, அது உட்கார்ந்து மூடும் சீட்டையே கெடுத்துவிடும். தண்ணீருக்குப் பதில் கெட்டியான எண்ணெய் என்றால் வேலை கூடும்: முதலில் பாகுத்தன்மையை விட்டுவிட்டு ஒரு அளவைத் தேர்ந்து, ஓட்டத்தைப் பாகுத்தன்மை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பார்த்து, திருத்தி, அந்த அளவு தாங்குமா என்று மறுபடி சரிபார்க்க வேண்டும். வெளியேறும் பக்கத்தில் எதிர் அழுத்தம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையில் அழுத்தம் ஏறும் என்று யோசிப்பதுதான் இதில் கடினமான பகுதி. பம்பைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த யோசனை சீக்கிரம் வரும்.

பெண் பிள்ளை பிளாண்ட்டில் அலையணுமா என்று அத்தை கேட்பார். கணக்கின் பெரும்பகுதி டிசைன் அலுவலக மேசையில்தான். நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும், போகட்டும். மணலி சுத்திகரிப்பு ஆலை, தூத்துக்குடி உர ஆலை, திருச்சி பெல், சென்னையின் டிசைன் நிறுவனங்கள் என்று இந்த அறிவு பயன்படும் இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. முதல் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காமல் போகலாம். அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

செலவு விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அரசு கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நொடியே அது போய்விடும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. திருப்பரங்குன்றம் தியாகராசர் கல்லூரியில் மெக்கானிக்கல் இருக்கிறது. பஸ்ஸில் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

அந்த ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைக்கும் என்றாலும், விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது என்பதை அவள் சொல்லட்டும், கொழுந்தனார் அல்ல. முன்பணம் கட்டாதீர்கள். இந்த வாரமே தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்றிதழை வாங்கிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.