ஷெர்வுட் காட்டு ராபின் ஹூட் திருவிழாவுக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லுங்கள். "அது வெறும் வேடம் கட்டியவர்களின் கூட்டம், அந்த ஒரு நாளையும் லண்டனுக்கே கொடுத்துவிடு" என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் இந்தப் பதிலை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் இதே வார்த்தைகளை என் உறவினர்களும் என்னிடம் சொன்னார்கள். "அவ்வளவு தூரம் வந்த அம்மாவைக் காட்டுக்கா கூட்டிப் போனாய்?" என்று இன்றுவரை கேட்பவர்கள் உண்டு. நீங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும், அம்மா ஆறு மாத விசாவில் வந்திருப்பார், விடுமுறை நாள்களை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறீர்கள் என்று கருதிக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் அந்த விழாவுக்கு முதன்முறை போனது, ஒருவர் ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்தில். காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் மட்டும் கொடுத்தார்கள். பணக்காரர்களிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்ததாக ஆங்கிலக் கதைகள் சொல்லும் வில்வீரன் ராபின் ஹூட்டின் சிலையருகே படம் எடுத்து, உணவுக் கடை வரிசையில் நின்றதற்குள் நேரம் முடிந்து பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். அன்று யாராவது கேட்டிருந்தால் நானும் "போகத் தேவையில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகவே உங்கள் நண்பர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் என்னைப் போல வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். முழு நாளை ஒதுக்க முடியாதென்றால், குறிப்பாக இப்படி அவசர அவசரமாகக் கொண்டு போகும் ஏற்பாடு என்றால், தயவுசெய்து போகாதீர்கள்.

2019 கோடையில் இரண்டாவது முறை போனபோது அம்மா உடன் இருந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. விழா நடக்கும் எட்வின்ஸ்டோ என்னும் சிற்றூர், நாட்டிங்ஹாம் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், காட்டின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து மண் பாதையில் மெதுவாக அரை மணி நேரம் நடந்தால், மேஜர் ஓக் என்ற பழைய கருவாலி மரத்தடிக்கு வந்து சேரலாம். அடிமரத்தின் சுற்றளவு சுமார் 11 மீட்டர். வயதை 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பெயரில் உள்ள 'மேஜர்' மரத்தின் பருமனைக் குறிப்பதன்று. 1790இல் இந்த மரத்தைப் பற்றி எழுதிய மேஜர் ஹேமன் ரூக் என்ற படை அதிகாரியின் பதவிப் பெயர் அது. வேரைச் சுற்றியுள்ள மண் பார்வையாளர்களின் காலடி பட்டுப் பட்டு இறுகிப்போனதால், 1970களிலிருந்து வேலி போட்டுத் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். பரந்து கிடக்கும் கிளைகளுக்குக் கம்பங்களால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஆலமரமா இருந்தா தானே விழுது விட்டு நின்னுக்கும். இதுக்கு மனுசன் விழுது செஞ்சு வெச்சிருக்கான்" என்றார்.

நடுக்கால வாழ்க்கையை நிகழ்த்திக் காட்டுபவர்களின் முகாம், மரங்களுக்கிடையே துணிக் கூடாரங்களாக விரிந்திருந்தது. விறகுப் புகையும் ஈரத் துணியின் வாசனையும் கலந்து வந்தன. ஒருவர் இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலிக் கவசம் பின்னிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அம்பின் அடியில் இறகை ஒட்டி நூலால் சுற்றிக்கொண்டிருந்தார். அரசரின் வனக்காவலராக உடையணிந்த ஒரு பெரியவர் சிறுவர்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேசினார். அந்தக் காலத்தில் ஷெர்வுட் காடு என்றால் மரங்கள் அடர்ந்த இடம் என்று மட்டும் பொருளில்லை, அரசரின் வேட்டைக்கென்று சட்டத்தால் ஒதுக்கப்பட்ட நிலம் என்று பொருள். அதற்குள் ஊர்களும் வயல்களும் புல்வெளிகளும் அடங்கும். அங்கே வாழ்ந்த குடியானவர்கள் மானைத் தொடக்கூடாது. அவர்களுடைய நாய்கள் மானைத் துரத்தாமல் இருக்க, முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. 1217இல் வெளியான வனப் பட்டயம்தான், விறகெடுக்கவும் மாடு மேய்க்கவும் மக்களுக்கு இருந்த உரிமைகளை எழுத்தில் கொண்டுவந்து, இந்தக் கெடுபிடிகளையும் ஓரளவு கட்டுப்படுத்தியது.

நான் இதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செஞ்சிப் பக்கம் குன்றடியில் இருக்கிறது எங்கள் ஊர். சிறுமியாக இருந்தபோது, சுள்ளி பொறுக்கப் போன பாட்டியின் அரிவாளைக் காவலர் ஒருவர் பிடுங்கிக்கொண்டு, மூன்று நாள் அலையவிட்டுத் திருப்பித் தந்ததை அம்மா எனக்கு அந்த இடத்தில்தான் முதன்முறையாகச் சொன்னார். எனக்கு நாற்பது வயதாகும்வரை சொல்லாத செய்தி அது. லண்டனில் ராட்டினத்தில் ஏற்றியிருந்தால் அது வெளியே வந்திருக்குமா என்று என் உறவினர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த கூடாரத்தில்தான், நான் சொல்ல வந்த நிகழ்ச்சி நடந்தது. வெள்ளைத் துணியால் தலையை மூடிய ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து, மரக்கதிர் ஒன்றைச் சுழலவிட்டு ஆட்டு ரோமத்தை நூலாக்கிக்கொண்டிருந்தார். சற்று முன்பு வரை கால்வலி என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, என் கையை விட்டுவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்று, "தக்ளி" என்றார். நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு இருந்த காலம் உங்கள் அம்மாவுக்கும் நினைவிருக்கலாம். அடியில் பித்தளை வில்லையும் நுனியில் கொக்கியும் உள்ள சிறு கம்பியைச் சுழற்றிப் பஞ்சை நூலாக நூற்கக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மா ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் தனக்கு நன்றாக வந்தது தக்ளி ஒன்றுதான் என்று அவர் அடிக்கடி சொல்வார். நாங்கள் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

அந்தப் பெண் எதுவும் கேட்காமல் எழுந்து முக்காலியை நகர்த்திக் கொடுத்து, கதிரை அம்மாவிடம் நீட்டினார். முதல் முயற்சியில் நூல் திரிதிரியாகத் தடித்து அறுந்து, கதிர் புல்லில் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே ஆனது. காரணத்தை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். பருத்தி இழை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளாது என்பதால், நூற்பவரின் இரு கை விரல்களும் அருகருகே இருக்க வேண்டும். ஆட்டு ரோமத்தின் இழை அதைவிடப் பல மடங்கு நீளமானது, விரல்களை நெருக்கிப் பிடித்தால் ஒரே இழையின் இரண்டு முனைகளையும் நாமே பற்றிக்கொண்டு இழுப்பதாகிவிடும். அந்தப் பெண் பேசவில்லை. அம்மாவின் இடது கையைத் தொட்டு ஒரு சாண் மேலே நகர்த்தி வைத்தார். அம்மா ஒரு முறை தலையாட்டினார். அடுத்த சுழற்சியில் ரோமம் தானாக இளகி இறங்கியது. கதிர் தரையைத் தொடும்வரை ஒரே சீரான நூல். அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி சுழற்றினார். பிறகு அரை மணி நேரம் இருவரும் மாற்றி மாற்றி நூற்றார்கள். ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாது. மொழிபெயர்க்க நான் வாயெடுத்தபோதெல்லாம் அம்மா கையமர்த்தினார்.

கூடாரத்தின் கயிற்றில் சாயமிட்ட நூல்கள் சிட்டம் சிட்டமாகத் தொங்கின. சிவப்பு, மேடர் என்னும் செடியின் வேரிலிருந்து எடுப்பது. நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. மஞ்சள், வெல்ட் என்னும் செடியிலிருந்து. நீலம், வோட் என்னும் செடியின் இலையிலிருந்து வருவது. ராபின் ஹூட் கூட்டத்தார் உடுத்ததாகச் சொல்லப்படும் லிங்கன் பச்சை, முதலில் வோட்டில் நீலமேற்றி, அதன் மேல் வெல்ட் மஞ்சளை ஏற்றிப் பெறுவது. அந்த வோட் இலையில் இருக்கும் நீலமும் திண்டிவனம் பக்கத்து அவுரியில் இருக்கும் நீலமும் ஒரே பொருள்தான். இதைச் சொன்னதும் அம்மா நூலை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்து பார்த்தார். அவருடைய சிறுவயதில் எங்கள் பக்கத்து வயல்களில் அவுரி விதைத்து உழுது மடக்கும் வழக்கம் இருந்ததாம்.

இதற்கு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். "ராபின் ஹூட் என்றொருவர் வாழ்ந்ததற்கே சான்றில்லையே" என்பார்கள். உண்மைதான். 1377 வாக்கில் எழுதப்பட்ட ஆங்கிலக் கவிதையொன்றில் அவரைப் பற்றிய பாடல்கள் குறிப்பிடப்படுவதே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கியக் குறிப்பு. பழைய கதைப்பாடல்களில் சில அவரை ஷெர்வுட்டில் அல்ல, யார்க்ஷையரில் உள்ள பார்ன்ஸ்டேலில் வைத்தே பேசுகின்றன. ஆனால் நூலும் சாயமும் அம்பின் இறகும் கற்பனையல்லவே. ஐரோப்பாவுக்கு இராட்டை போய்ச் சேர்ந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில்தான். அதற்கு முன்பு அங்கே அரசர் உடுத்ததும் ஆண்டி உடுத்ததும் இப்படிக் கதிரில் பெண்கள் நூற்ற நூல்தான். நம்மை ஆண்டவர்களின் பழம்பெருமையை நான் பாடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசர்களை விட்டுவிட்டு, அவர்கள் நாட்டுக் குடியானவர்கள் எப்படி உழைத்தார்கள் என்று காட்டும் இடமாகத்தான் அந்த முகாமை நான் பார்க்கிறேன். அந்தப் பெண் வார நாள்களில் பள்ளியில் பணியாற்றுபவர். தன் உடையின் துணியைத் தானே கையால் தைத்தவர். பதினைந்து ஆண்டுகளாக நூற்கிறார். இவ்வளவு உழைப்பை 'வேடம்' என்று ஒரு சொல்லில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தைகளுக்குக் குதிரைமேல் ஈட்டியேந்தி மோதும் போட்டிதான் பிடிக்கும். மோதும்போது முறிந்துபோகுமாறு மென்மரத்தில் நுனி வைத்த ஈட்டிகள் என்பதால் பயப்பட வேண்டாம். முன்வரிசை வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்பே புல்லில் இடம்பிடிக்க வேண்டும். வில்வித்தைக்குச் சிறுவர்களுக்கென்று இலகுவான வில் வைத்திருந்தார்கள். என் மகள் ஆறு அம்புகள் எய்ததில் ஒன்று வைக்கோல் இலக்கில் தைத்தது. அடுத்த ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சுதான். ஆண்கள் திருநாள்களில் வில் பழக வேண்டும் என்று 1363இல் மூன்றாம் எட்வர்டு ஆணையிட்ட நாடு அது என்று அங்கிருந்தவர் சொன்னதை அவள் வரலாற்று வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவுக்கு நல்ல காலணி அணிவியுங்கள், செருப்பு வேண்டாம். மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். ஆகஸ்ட் மாதமென்றாலும் மரநிழலில் குளிரும், கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். மடித்து எடுத்துப் போகும் நாற்காலி இருந்தால் கொண்டு செல்லுங்கள். மதிய உணவை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விழா நாள்களையும் கட்டணத்தையும் புறப்படுவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நூற்பவர்கள் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு முதலில் அங்கே போங்கள். ஈட்டிப் போட்டி முடிந்தால் கூட்டம் மொத்தமும் முகாமுக்குள் வந்துவிடும். அப்புறம் அவர்களுக்கு யாரிடமும் கதிரைக் கொடுத்துப் பழக்க நேரம் இருக்காது. அன்று அம்மா நூற்ற நூலை அந்தப் பெண் ஓர் அட்டையில் சுற்றிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது அம்மா அதைப் பெட்டியில் போடவில்லை, கைப்பையில் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டார்.