பான்ஷீ கொல்ல வேண்டாம், அழட்டும்

உங்கள் கதையில் பான்ஷீ என்ற பெண் ஆவி ஊராரைக் கொன்று குவித்தும் படித்தவர்களுக்குப் பயமே வரவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலே அந்தக் கொலைகள்தான். அயர்லாந்து மரபில் பான்ஷீ பழைய கேலிக் (அயர்லாந்தின் பூர்விக இன) குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருபவள். வீட்டில் சாவு விழப்போகிறது என்றால் முன்கூட்டியே அழுவாள், அவ்வளவுதான். 1014இல் குளோன்டார்ஃப் போருக்கு முந்தைய இரவு ஈவல் என்ற பான்ஷீ வந்து, அயர்லாந்து மன்னன் பிரையன் போருவிடம் அவன் சாவைச் சொன்னதாகக் கதை உண்டு. அவள் அவனுடைய குலத்துக்கே உரியவள், எதிரி அல்ல.

அப்புறம் ஒரு சீப்புக் கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பான்ஷீயின் சீப்பை ஒருவன் எடுத்துவந்துவிடுவான். இரவு ஜன்னலுக்கு வெளியே ஒரே ஓலம். நடுங்கிப்போய் அடுப்பு இடுக்கியில் சீப்பைப் பிடித்து வெளியே நீட்டுவான். சீப்பு போய்விடும், உள்ளே இழுத்தால் இரும்பு இடுக்கி முறுக்கி வளைந்திருக்கும். கையால் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கொலைகளை எடுத்துவிடுங்கள். வீட்டில் மூன்று பேர், வெளியே அழுகுரல், யாருக்காக அழுகிறாள் என்று தெரியக் கூடாது. அவள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.