மழை வந்தால் சிர்கான் ஏன் தடம் மாறுகிறது?

வாசகர் கேள்வி பதில்: கடற்கரைக் கனிம மணலும் அதிலிருந்து சிர்கான் (சிர்கோனியம் தாது) போன்ற கனிமங்களைப் பிரிப்பதும்

கேள்வி: மணவாளக்குறிச்சிப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் கரையில் கருமணல் பட்டை பட்டையாகப் படிகிறது. மற்ற மாதங்களில் அவ்வளவு இல்லையே, என்ன காரணம்?
– வாசகர், குளச்சல்

பதில்: தென்மேற்குப் பருவக்காற்றில் அலை உக்கிரமாக ஏறி வரும்போது எல்லா மணலையும் அள்ளி வந்து கரையில் போடுகிறது. திரும்பிப் போகும் நீருக்கு அந்த வலு கிடையாது. அடர்த்தி 2.65 (நீருக்கு 1) உள்ள குவார்ட்ஸை, அதாவது வெள்ளை மணலை, அது இழுத்துப் போய்விடும், 4.7 அளவுக்கு அடர்த்தி உள்ள இல்மனைட்டும் (கறுப்பு டைட்டானியம் தாது) 4-ஐ ஒட்டிய கார்னெட் கனிமமும் கரையிலேயே தங்கிவிடும். இது ஓயாமல் நடப்பதால் பட்டை தடிக்கிறது. இந்தக் கனிமங்களெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னகைட், கோண்டலைட் பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியாக வந்தவை.

லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கறுப்புத் துகள்கள் பக்கத்திலுள்ள வெள்ளைத் துகள்களைவிடச் சிறியவையாக இருக்கும். சிறிய கனமான துகளும் பெரிய லேசான துகளும் நீரில் ஒரே வேகத்தில் இறங்குவதால் ஒரே இடத்தில் சேர்கின்றன. கடல் செய்யும் இந்தக் காரியம்தான் பிறகு ஆலைக்காரர்களுக்குத் தலைவலி.

கேள்வி: ஸ்பைரல் (சுருள் வாய்க்காலில் நீரோடு மணலை ஓடவிட்டுப் பிரிக்கும் கருவி) பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். டெய்லிங்கில் (கழிவு மணலில்) சிலிமனைட் (அலுமினியம் சிலிகேட் கனிமம்) நிறையப் போகிறது. ஸ்பிளிட்டரை (ஓட்டத்தைப் பிரித்துவிடும் தடுப்பை) எவ்வளவு திறந்தாலும் பிடிபடவில்லை.
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: ஸ்பிளிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கனமான கனிமத்தின் அடர்த்தியிலிருந்து நீரின் அடர்த்தியைக் கழித்து, அதை லேசான கனிமத்துக்கும் அப்படியே கழித்து வந்த எண்ணால் வகுக்க வேண்டும். இல்மனைட்டுக்கு 3.7-ஐ 1.65-ஆல் வகுத்தால் சுமார் 2.2, மணல் அளவில் சிரமமில்லாமல் பிரியும். கார்னெட்டுக்கு 1.8, பிரியும், ஆனால் கவனம் வேண்டும். சிலிமனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 3.2 என்பதால் 1.33-தான் வருகிறது. அந்த எண்ணுக்குச் சரளைக்கல் அளவில் இருந்தால்தான் புவியீர்ப்பு முறை ஓரளவு வேலை செய்யும். மணல் அளவில் நடக்காது. ஸ்பிளிட்டரை மேலும் திறந்தால் குவார்ட்ஸ்தான் உள்ளே வரும்.

சிலிமனைட்டுக்கு வழி நுரை மிதப்புதான், அதாவது கனிமத்தைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து மிதக்கவிடும் முறை. ஒலியிக் அமிலம் அல்லது சோடியம் ஒலியேட் சிலிமனைட்டைப் பற்றி மிதக்கவைக்கும். சோடியம் சிலிகேட் குவார்ட்ஸை அடியில் நிறுத்தும். சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) காரத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும். உப்பேறிய கிணற்று நீரை இதில் விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கால்சியம் ஒலியேட்டோடு சேர்ந்து கரையாத சோப்பாகிவிடும். மருந்துச் செலவு ஏறுவதோடு குவார்ட்ஸும் சேர்ந்து மிதக்கும்.

இல்மனைட்டே டெய்லிங்கில் போனால் அது வேறு சங்கதி. உள்ளே வரும் கலவையில் திடப்பொருள் எடையில் 30 முதல் 35 சதவீதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் கெட்டியானால் ஸ்பைரல் வாய்க்காலின் உள்விளிம்பில் மணல் திட்டாகப் படிந்து அசையாமல் நிற்கும். பம்ப் ஒரே சீராக ஓடாவிட்டாலும் இதே கதை.

கேள்வி: எங்கள் உலர் ஆலையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ரூட்டைலில் (இன்னொரு டைட்டானியம் தாது) சிர்கான் கலப்பு கூடுகிறது. ஹை டென்ஷன் (உயர் மின்னழுத்தப் பிரிப்பு) இயந்திரத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டியும் சரியாகவில்லை. டிரையர் நன்றாகத்தான் ஓடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மின்னழுத்தத்தை இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். கோளாறு அங்கே இல்லை. சிர்கான் துகளின் மேற்பரப்பில் இருக்கிறது.

இயந்திரத்தில் நடப்பது இதுதான். பூமியோடு இணைத்த உலோக உருளை சுழல்கிறது. அதற்கு எதிரே 20 முதல் 30 கிலோவோல்ட் தாங்கிய மெல்லிய கொரோனா கம்பி, கீழே வரும் எல்லாத் துகள்கள்மீதும் மின்னேற்றத்தைப் பொழிகிறது. ரூட்டைலும் இல்மனைட்டும் மின்கடத்திகள். வாங்கிய மின்னேற்றத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு, சுழற்சி வேகத்தில் முன்னால் தெறிக்கும். சிர்கானால் அதை விட முடியாது. உருளையோடு ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போய், பிரஷ் வழித்த பிறகுதான் விழும். துகள்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று இருந்துவிட்டால் போதும், மின்னேற்றம் அதன் வழியாக இறங்கிவிடும். பிறகு சிர்கானும் ரூட்டைல் போலவே தெறித்து அந்தப் பக்கம் போய்ச் சேரும். அழுத்தத்தைக் கூட்டினால் கூடுதலாக ஏறியதும் அதே வழியில் இறங்கும்; பொறி பறப்பதுதான் மிச்சம்.

டிரையர் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். சூட்டை எங்கே அளந்தீர்கள்? டிரையர் வாயிலில் அளந்த எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை. எலிவேட்டர், பின் (சேமிப்புக் கலம்), நீளமான குழாய் என்று கடந்து வருவதற்குள் மணல் ஆறிவிடும்; மழைக்காற்று பட்டால் இன்னும் வேகமாக ஆறும். உருளைமேல் விழும் இடத்தில் அளக்க வேண்டும். அங்கே 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் அதுவே. சேமிப்புக் கலத்துக்கும் குழாய்க்கும் வெப்பக்காப்பு கட்டுங்கள். பல கட்டங்களாகப் பிரிப்பவர்கள் நடுவில் ஒரு மறுசூடேற்றி வைப்பதும் இதற்காகத்தான்.

சூடு சரியாக இருந்தும் கலப்பு குறையவில்லையா? அடுத்த சந்தேகம் உப்பு. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 100 கிராம் மணலை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, அந்த நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, நல்லபடி ஓடிய நாளின் மாதிரியோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் டிரையருக்கு முன்னால் நன்னீர்க் கழுவல் போதவில்லை என்று அர்த்தம். நன்னீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று இந்தக் கட்டத்தில் கை வைப்பது தவறான சிக்கனம்.

மூன்றாவதாக, ரூட்டைலில் கலந்த சிர்கானை லென்ஸில் பாருங்கள். பருமனான துகள்கள் மட்டும் வந்திருந்தால் ஈரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். உருளை வேகம் அதிகம். துகள் பருத்தால் அதன் எடை மூன்றாம் படியில் ஏறும், ஏற்கும் மின்னேற்றமோ பரப்பைப் பொறுத்து இரண்டாம் படியில்தான் ஏறும். அதனால் பெரிய சிர்கானை உருளையால் பிடித்துவைக்க முடிவதில்லை. எல்லா அளவும் கலந்து வந்திருந்தால்தான் மேற்பரப்புக் கோளாறு.

இதற்கு நேர்மாறாக, பொடி ரூட்டைல் சிர்கான் பக்கம் போவதும் உண்டு. உருளைக்கு அடுத்து தட்டு வகை மின்னிலைப் பிரிப்பானை வைப்பது இதனால்தான். பொடியான கடத்திகளைத் தூக்குவதில் அது கெட்டி. அப்புறம், மணல் உருளைமேல் ஒற்றைத் துகள் அடுக்காக விழ வேண்டும். உற்பத்தி அவசரத்தில் ஃபீடை (உள்ளே விடும் மணலை) கூட்டினால் மேல் துகள் கீழ்த் துகளை மறைத்துவிடும், எந்தச் சூடும் காப்பாற்றாது.

கேள்வி: கனிமம் பிரிக்கும் பழைய மின்காந்த உருளைகளை எடுத்துவிட்டு அருமண் (நியோடைமியம் போன்ற அரிய உலோக) காந்த உருளைகளை வைக்கிறார்கள். உண்மையில் லாபமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: லாபம்தான். 1980களில் வந்த நியோடைமியம்-இரும்பு-போரான் காந்தங்களுக்குச் சுருளும் மின்சாரமும் தேவையில்லை. உருளைப் பரப்பில் 1 டெஸ்லாவுக்கு மேல் புலம் கிடைக்கிறது. மோனசைட்டிலிருந்து (அருமண் உலோகங்களும் தோரியமும் உள்ள மணல் கனிமம்) வரும் நியோடைமியம் மோனசைட்டையே பிரிக்க உதவுகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சாதாரண ரகக் காந்தத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. முந்தைய கேள்வியில் மணலைச் சூடாக வை என்றேன். இங்கே ஆறவைத்து அனுப்ப வேண்டும். சுடச்சுட விட்டால் காந்தம் வலுவிழக்கும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. இரண்டாவது மேக்னடைட் (காந்தத்தில் வலுவாக ஒட்டும் இரும்புத் தாது). அது உருளையை விட்டு வராமல் ஒட்டி, மெல்லிய பெல்ட்டுக்கு அடியிலும் புகுந்து, பெல்ட்டை அரித்துக் கிழிக்கும். முன்னால் ஒரு குறைந்த வலுக் காந்த டிரம் வைத்து மேக்னடைட்டை எடுத்துவிட்டால் பெல்ட் பாதியில் கிழியும் கவலை இல்லை.

கேள்வி: அழகுக்காகக் கருமணலை ஜாடியில் போட்டு வீட்டில் வைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அதில் மோனசைட் இருக்கக்கூடும். இந்திய மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை உண்டு. பயப்பட வேண்டியது முக்கியமாகத் தூசியை மூச்சில் இழுப்பதற்கு. தவிர, மோனசைட் அணுசக்திச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்; அனுமதியில்லாமல் மணல் அள்ளிவருவதே சிக்கல்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் மணல் மாதிரியில் கனக் கனிமம் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க எளிய வழி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: துறையின் அனுமதியோடு எடுத்த மாதிரியை நாலாகப் பிரித்துக் குறைத்து 100 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். நன்னீரில் கழுவி, கலங்கல் நீரை வடித்து, உப்பும் களிமண்ணும் போன பிறகு 105 டிகிரியில் உலர்த்துங்கள். 1 மி.மீ. சல்லடையில் கிளிஞ்சலை நீக்கி, மிச்சமுள்ள ஓட்டுத் துணுக்குகளை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை கரைத்து, மறுபடி கழுவி உலர்த்தி எடை போடுங்கள்.

பிரிக்க, குவார்ட்ஸை மிதக்கவிட்டுக் கனக் கனிமத்தை மூழ்கவிடும் கனத் திரவமான புரோமோஃபார்ம் (அடர்த்தி 2.89) வழக்கம்; நச்சு என்பதால் ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டுக்கு வெளியே திறக்கக் கூடாது. சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் பாதுகாப்பானது, விலைதான் அதிகம். அதைப் பயன்படுத்தினால் ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஆகும். கால்சியம் பட்டால் வெள்ளையாக வீழ்படிந்து கரைசல் வீணாகும். பிரிபுனலில் அடியில் இறங்கியதைக் கழுவி உலர்த்தி எடை போட்டால் சதவீதம் கிடைக்கும்.

இறங்கியதில் சாதாரணக் காந்தம் மேக்னடைட்டை மட்டும் இழுக்கும். நியோடைமியம் காந்தம் இல்மனைட்டையும் கார்னெட்டையும் சேர்த்து இழுக்கும். காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பிடியுங்கள். வெறுங்காந்தத்தில் ஒட்டிய பொடியைப் பிறகு எடுக்கவே முடியாது, எடையும் தப்பாகும்.