தம்பியின் படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நினைவைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன். என் தம்பி நரம்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இப்போது போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆய்வு வேலை செய்கிறான். பார்வையும் நினைவும்தான் அவன் துறை. நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனின் புத்தகங்களைப் படித்துத்தான் இந்தப் பக்கம் போனான். மனம் என்றால் என்ன என்று கண்டுபிடிக்கப் போகிறான் என நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஆனால் ஐந்து வருடமாக அவன் செய்வதெல்லாம், ஆட்களைக் கணினி முன்னால் உட்காரவைத்துப் படம் படமாகக் காட்டி, "இதை முன்பே பார்த்தீர்களா?" என்று கேட்பதுதான். நிரந்தர வேலையும் இல்லை. வயது 34 ஆகிவிட்டது. பெரிய கேள்விகளுக்குப் பயந்துதான் விஞ்ஞானிகள் இப்படிச் சில்லறை விஷயங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்களா? இதை விட்டுவிடு என்று அவனிடம் சொல்லலாமா?

வி.

அன்புள்ள வி.,

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் நான் சொல்ல அதிகம் இல்லை. முனைவர் பட்டம் வாங்குகிறவர்கள் நிறைய, பேராசிரியர் இடங்கள் கொஞ்சம். போஸ்ட்டாக் என்பது சில வருட ஒப்பந்தம். அது முடிந்தால் இன்னொன்று தேடவேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக நிரல் எழுதவும் புள்ளியியலும் வரும், அதனால் வெளியே போக நினைத்தால் வழி உண்டு. இதெல்லாம் உங்கள் தம்பிக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். 34 வயதை ஏதோ நோய்போல எழுதியிருக்கிறீர்கள். சரி, போகட்டும்.

சில்லறை விஷயம் என்றீர்களே, அதைத்தான் என்னால் விடமுடியவில்லை. கொஞ்ச நாளாக இதே யோசனைதான் எனக்கும். பெரிய கேள்வி கேட்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது? மனம் என்றால் என்ன, நினைவு எங்கே இருக்கிறது, நான் யார்: ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிற எவருக்கும் இதெல்லாம் தோன்றும். அதே கேள்வியை ஒரு மேஜைமேல் வைத்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் அளவுக்குச் சிறியதாக்குவது வேறு வேலை. சிலர் அதற்கு ஆயுளையே கொடுக்கிறார்கள்.

நினைவை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னரைப் பற்றித் தம்பி உங்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? சொல்லியிருப்பார், நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூளைக்குள் இரண்டு பக்கமும் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமானதையும் அதை ஒட்டிய திசுக்களையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப்பிறகு நடந்த கிட்டத்தட்ட எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். 2008-இல் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவருக்குப் பெயர் கிடையாது, ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துதான்.

மில்னர் மாண்ட்ரியாலிலிருந்து ரயிலேறிப் போய் இவரைச் சோதித்தார். சோதனைகளில் ஒன்று இது. தாளில் இரட்டைக் கோடாக ஒரு நட்சத்திரம். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டவேண்டும். தாளையும் கையையும் நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து வரையவேண்டும். நீங்களே செய்துபாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் கை தப்பான பக்கம் போகும், எரிச்சலாக வரும். ஹென்றி மூன்று நாட்கள் வரைந்தார். நாளுக்கு நாள் தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் முந்தைய நாள் அதைச் செய்த ஞாபகம் துளிகூட இல்லை. கடைசியில், "கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகவே வந்துவிட்டதே" என்று அவரே ஆச்சரியப்பட்டாராம்.

நினைவு ஒன்றா, பலவா என்று அறிஞர்கள் காலங்காலமாக எழுதிக் குவித்திருந்தார்கள். இங்கே பழகிய கைக்கு நினைவு இருக்கிறது, பழகியது மட்டும் ஹென்றிக்கு நினைவில் இல்லை. ஆக இரண்டும் மூளையின் ஒரே பகுதியை நம்பி இருக்கவில்லை. மில்னர் போய் உட்கார்ந்துகொண்டு, "நினைவு என்றால் என்ன, ஹென்றி?" என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அவர் மரியாதையாகச் சிரித்திருப்பார், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கும் பயிற்சிபோல இருக்கிற ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுபோனதால்தான் பதில் வந்தது. உங்கள் கணக்கில் அது சில்லறையிலும் சில்லறை.

மில்னரின் மாணவி சூசன் கார்க்கின் 1962-இல் ஹென்றியைச் சந்தித்து அவர் சாகும்வரை ஆய்வைத் தொடர்ந்தார். 46 வருடம். ஹென்றிக்கு இவர் யாரென்று கடைசிவரை தெரியாது. பள்ளியில் கூடப் படித்தவர் என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் ஐந்து வருடத்துக்கே அலுத்துக்கொள்கிறீர்கள்.

பார்வை ஆய்வில் இருந்த ஒரு நண்பரோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. நான் பிரக்ஞை, அகம் என்று உற்சாகமாக ஆரம்பிப்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்வது தப்பாக இருந்தால் அது எப்படித் தெரியவரும்?" என்பார். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் உனக்குக் கற்பனையே கிடையாது என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. என்னை லேபுக்குக் கூட்டிப்போய் இருட்டறையில் திரைமுன் உட்காரவைத்தார். சாம்பல் நிறக் கோடுகள் மின்னி மறையும், சாய்வு இடமா வலமா என்று பட்டனை அழுத்தவேண்டும். உலகத்திலேயே அலுப்பான வேலை. ஆனால் கோடு மங்க மங்க, பார்த்தேனா அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று எனக்கே சொல்லமுடியாத ஓர் எல்லை வந்தது. அதைப் பற்றி நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன், அங்கே நின்றது அன்றுதான் முதல்முறை. சோதனை முடிந்ததும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அலட்டலின்மைமேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கடுப்பு இருக்கிறது.

ராமச்சந்திரன் பெயரைச் சொன்னீர்கள். கை, கால் இழந்தவர்களுக்கு அது இன்னும் இருப்பதாகத் தோன்றும் மாய உறுப்பும், அதற்கு அவர் வைத்தியமாகக் கொடுத்த கண்ணாடிப் பெட்டியும்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பல வருடம் உழைத்தது பார்வையில். மேல்பக்கம் வெளிச்சமும் கீழ்ப்பக்கம் நிழலுமாக ஒரு வட்டம் வரைந்தால் புடைத்துத் தெரியும். அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை நம்மைக் கேட்காமலே முடிவுசெய்துவிடுகிறது. 1988-இல் அவர் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட வட்டங்களைப் பற்றியது. வெறும் வட்டங்கள்!

தம்பியின் படங்களுக்கு வருவோம். 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் என்பவர் ஆட்களுக்கு 10,000 படங்களைச் சில நொடிகள் வீதம் காட்டினார். பிறகு பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், 100-க்கு 80-க்கும் மேல் சரியாகச் சொன்னார்கள். ஆகா, மனித மூளை! ஆனால் 1979-இல் நிக்கர்சனும் ஆடம்ஸும், அமெரிக்கர்கள் அப்போது தினமும் கையில் பிடித்த ஒரு சென்ட் நாணயத்தைச் சரியும் தப்புமாகப் பல விதத்தில் வரைந்து காட்டினார்கள். எது சரியானது என்று பலரால் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் ஸ்டாண்டிங்கின் ஆட்களுக்கு ஞாபகம் இருந்தது படமா, படத்தின் சாரமா? 2008-இல் டிமோத்தி பிராடி, ஓட் ஒலிவா முதலியோர் 2,500 பொருட்களைக் காட்டி, பிறகு பார்த்த படத்தையும் அதே பொருள் வேறு நிலையில் இருக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்து, பார்த்தது எது என்று கேட்டார்கள். 87 சதவீதம் சரி. அப்புறம் நாணயம் ஏன் தவறியது? கவனித்துப் பார்க்காததாலா, பார்த்தும் தங்காததாலா? உங்கள் தம்பியின் கேள்வி இந்த இடத்தில் எங்கேயோதான் இருக்கவேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது இல்லை. என்ன படம், எவ்வளவு நேரம், ஏன் அந்தப் படம் என்று ஒரு வரிகூட இல்லை.

சின்னக் கேள்வி எல்லாம் நல்ல கேள்வி என்று நான் சொல்லவரவில்லை. யாருக்கும் தேவைப்படாத பேப்பர்கள் மலைமலையாக வருகின்றன. தம்பியினுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம். அதைச் சொல்ல அவர் துறைக்காரர்கள் இருக்கிறார்கள், தயங்காமல் சொல்வார்கள்.

விட்டுவிடு என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அவர் உங்களிடம் யோசனை கேட்டதாக அதில் எங்கும் இல்லையே.

அன்புடன்.